அடைமொழி வேண்டாத பாய்

ஒரு பொருளுக்கு அடைமொழி எப்பொழுது தேவைப்படுகின்றது என்னும் வினா இலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று. வாழ்க்கை முறைக்கும் உரியது. ‘கொலாப்சிபிள்’ என்னும் ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என ஆராயுமிடத்து இவ்வுண்மை புலனாகும். இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு ஒடுக்கி வைக்கத்தக்க கட்டில், கதிரை, மேசை முதலிய தளபாடங்களை அச்சொல் சிறப்பிக்கின்றது. அதற்கு நேரான ஒரு சொல் தமிழில் இல்லாமை தமிழின் குறையென்பர் சிலர். அம்முடிபு ஏற்புடையதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

‘ஒருசேர விழுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்த சொல் அது. எனினும் பெயரடையாக நிற்குமிடத்து, அழிவுப் பொருள் நீங்கி, வேண்டியபோது ஒடுங்கி வேண்டியபோது நிமிரும் ஆற்றலையே உணர்த்துகின்றது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலிருந்த 20 உயிர்காப்புப் படகுகளுள் 4 படகுகள் இவ்வடைமொழி பெற்றவை. அவற்றின் கித்தான் பக்கங்களைத் தாழ்த்தி வைத்து, வேண்டுங்கால் உயர்த்திக்கொள்ளலாம். வினையின் அகராதிப் பொருளை மாத்திரம் பற்றிக்கொண்டு ‘இடிந்து விழத்தக்க கட்டில்’ எனப் பெயர்ப்பின், அதிற் படுக்க எவரும் துணியார்.

சொல்லாக்க வரலாற்றில் மட்டக்களப்புத் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதி வெளிவந்தது. அம்முயற்சி துறைசார் சொற்களையே நோக்கியது. வீட்டுப் பொருள்களுக்கு வேண்டிய சொற்களை மக்கள் தாமே ஆக்கியும் ஏற்றும் கொண்டனர்.

ஏற்றுக்கொண்டவற்றுள் கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்பன போர்த்துக்கேயச் சொற்களின் வழிவந்தவை. மட்டக்களப்பில் 1628இல் கோட்டை அமைத்த போர்த்துக்கேயர் 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆயினும் இலங்கைத் தமிழிற் புகுந்த அவர்தம் சொற்கள் வாவிக்கரை வீடுகளிலும் நிலைத்துவிட்டன. இவை யாவும் ஓரிடத்தில் அசையாது நிற்கும் மரப்பொருள்களின் பெயர்கள் என்பது கருதத்தக்கது.

இவற்றுக்கு மாறானது பாய். சதுப்பு நிலத்துப் பன்னைக் கொண்டு பெண்கள் இழைக்கும் பாய், இரவில் விரிக்கப்பட்டுப் பகலிற் சுருட்டி மூலையிற் சாத்தப்படும். இரவிற் படுக்கையறையாயிருந்த இடமே காலையில் விருந்தினரை இருத்தும் கூடமாகும். இடத்தை மிச்சப்படுத்துதல் என்னும் பண்பு இதனினும் நிறைவாக வேறெப்பொருளில் உளது? எனினும் ‘சுருட்டத்தக்க பாய்’ என்று எவரும் கூறுவதில்லை. சுருட்டவியலாத பாய் வழக்கில் இல்லாமையால் அங்கு அடைமொழிக்கு வேலையில்லை.

பிற பொருள்களும் இதனையே வலியுறுத்துகின்றன. சாய்மனைக் கதிரைகளுட் பல மடக்கத்தக்கன. ஆயினும் பெயர் சாய்தலையே சுட்டுகின்றது. சாக்குக் கட்டிலும் மடங்குவதே. பெயரோ அதன் மூலப்பொருளாற் பெற்றது. திருமண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் கதிரை ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுவது; அப்பண்பும் பெயரில் இடம்பெறவில்லை. மடங்காத கதிரையினின்றும் பிரித்துக்காட்ட வேண்டிய இடத்திலேயே ‘மடக்குக் கதிரை’ என்னும் வழக்குத் தோன்றியது. எனவே, அடைமொழி பொருளின் பண்பை மட்டும் காட்டுவதன்று. எப்பண்பை அச்சமூகம் இயல்பெனக் கொண்டது, எதனைப் புதுமையெனக் கண்டது என்பதையும் காட்டும். நிலையாக நிற்பதே தளபாடத்தின் இயல்பெனக் கொண்ட மொழிக்கு ‘கொலாப்சிபிள்’ தேவைப்பட்டது. பாயை இயல்பெனக் கொண்ட மொழிக்கு அது நெடுங்காலம் தேவைப்படவில்லை. இதனைக் குறையென்றல் பொருந்தாது.

‘மடக்குக் கதிரை’ என்னும் தொடரின் இலக்கணமும் நோக்கத்தக்கது. இதனை வினைத்தொகையாகக் கொள்ளின் வல்லினம் மிகாது ‘மடக்குகதிரை’ என நிற்றல் வேண்டும். ஒற்று மிகுதலால் ‘மடக்கு’ ஈண்டுப் பெயராயிற்று. மடக்கினை உடைய கதிரை என்பது பொருள். தன்வினையடியாக ‘மடங்கு’ எனக் கூறியிருக்கலாமே எனின், இருமடங்கு, மும்மடங்கு என்னும் அளவைப் பொருள் குறுக்கிடும். மக்கள் வழக்கு அம்மயக்கத்துக்கு இடந்தராத வடிவத்தைத் தேர்ந்துள்ளது. அதனை விடுத்து ‘மடக்கப்படக்கூடிய கதிரை’ என எழுதுவோர் ஆங்கில விகுதிக்கு உரை செய்கின்றனரேயன்றிக் கதிரைக்குப் பெயர் இடுகின்றாரல்லர்.

எனினும் ஒரு தடை எஞ்சியுள்ளது. தமிழ் கையின் தொழிலைப் பிரித்தே கூறும்: பாயைச் சுருட்டுவர், துணியை மடிப்பர், கதிரையை அடுக்குவர், கட்டிலைக் கழற்றுவர். இவை அனைத்தையும் அடக்கும் பொதுச்சொல் அன்றாட வாழ்வில் வேண்டாதிருக்கலாம். விலைமனுக் கோரலிலும் பொருட்பட்டியலிலும் அது வேண்டப்படும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின் பாடசாலைகள் பல புகலிடமாயின. மேசையும் வாங்கும் நிறைந்த வகுப்பறை குடும்பங்கள் உறங்கும் இடமாக மாறிய காலை, ஒதுக்கி வைக்க இயலும் பொருள் எது என்பது ஆடம்பர வினாவாக இருக்கவில்லை. அத்தகைய பொருள்களை ஒருசேரச் சுட்டும் சொல் மொழிக்கு வேண்டும்.

அதற்கு ‘ஒடுங்கு’ என்னும் வினையடி ஏற்றது. ‘ஒடுங்குகட்டில்’, ‘ஒடுங்குமேசை’ என வினைத்தொகையாக்கின் முக்காலமும் அதனுள் அடங்கும். நேற்று ஒடுங்கியதும் நாளை ஒடுங்குவதும் அதுவே. ஆற்றலை உணர்த்தத் தனி விகுதி வேண்டியதில்லை. மடக்குக் கதிரை வழக்கில் நிலைத்துள்ளமையின் அதனை மாற்றுதல் வேண்டா. பாய்க்கோ எவ்வடைமொழியும் வேண்டா.