காற்று திரும்பும் நேரம்: மெல்பர்ன் கோடையை எப்படி ரசிப்பது

வெயில் 40 டிகிரியைத் தொடப்போகும் நாளில் மெல்பர்ன்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சேஞ்ச் எத்தனை மணிக்கு?" கடையில் பில் போடுபவர் கேட்பார், டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார், அலுவலகத்தில் அதைப் பேசாமல் மதியச் சாப்பாடு முடியாது. கூல் சேஞ்ச் என்று அவர்கள் சொல்வது, குளிர்முகப்பு ஊரைக் கடந்து போவதை. காலையிலிருந்து வடக்கே உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்த அனல்காற்று சட்டென்று அடங்கும்; தென்மேற்கில் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஊருக்குள் புகும். அரை மணி நேரத்துக்குள் பத்து, பதினைந்து டிகிரி இறங்கிவிடும். சில நாட்களில் அதற்கு மேலும் இறங்கும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்முகப்பு வருவதில்லை. பருவக்காற்றும் வங்கக்கடல் தாழ்வு மண்டலமும்தான் நமக்குப் பழக்கம். அதனால் இங்கே குடியேறி வரும் நம்மவர்கள் பலர் அறிக்கையில் உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஏசியைப் போட்டு அந்த நாளைக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. வானம் தான் செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஏறக்குறைய சொன்ன மணிக்கே செய்துகாட்டும் நாட்கள் எந்த ஊரிலும் அதிகம் வாய்ப்பதில்லை. காலையிலிருந்தே அதைப் பின்தொடர்ந்தவருக்குத்தான் அந்தக் குளிர்ச்சி முழுதாகக் கிடைக்கும்.

முதல் நாள் மாலையே தொடங்குங்கள். ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் அறிக்கையில் வெப்பநிலையைத் தாண்டிக் காற்றுக்கான வரிக்கு வாருங்கள். காலையில் வடக்கிலிருந்து மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர், பிற்பகலில் பலத்த வீச்சுடன் தென்மேற்குக்குத் திரும்பும் என்ற தோரணையில் அது இருக்கும். நாளைய கதை முழுக்க அந்த வரியில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அறிக்கையில் வரும் வேகம் பத்து நிமிடச் சராசரி. இடையிடையே வரும் வீச்சு அதைவிட 40 சதவீதம்வரை கூடுதலாக இருக்கலாம். அதாவது 45 என்று போட்டிருந்தால் 60-ஐத் தாண்டும் வீச்சுக்கும் தயாராக இருக்கவேண்டும். மாடியில் காயும் துணியை உள்ளே எடுங்கள். தோட்டத்துக் குடையை மடக்கி வையுங்கள்.

பிறகு அழுத்த வரைபடத்தைப் பாருங்கள். கிழக்கே டாஸ்மான் கடல்மேல் ஓர் உயர் அழுத்தம் நகராமல் உட்கார்ந்திருக்கும். மேற்கே, கண்டத்தின் தென்கரையை ஒட்டிய கிரேட் ஆஸ்திரேலியன் பைட் கடல்பரப்பின்மேல் நீல முக்கோணப் பற்கள் வைத்த கோடு ஒன்று வந்துகொண்டிருக்கும். அந்தப் பற்கள் காட்டும் பக்கம்தான் முகப்பு நகரும் பக்கம். பூமியின் தென்பாதியில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடுவதால், அதன் மேற்கு ஓரத்தில் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்கு வடக்கிலிருந்து அனல் இறங்குகிறது. உயர் அழுத்தத்துக்கும் முகப்புக்கும் நடுவே சமஅழுத்தக் கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கடுமை காற்றில். வடக்கே அனல், தெற்கே குளிர் என்று நம் ஊர்க் கணக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

வரைபடம் இல்லாமலும் இதை உணரலாம். மறுநாள் காலை வாசலில் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தென்பாதியில் அப்போது தாழ்வழுத்தம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். முதுகில் வடகாற்று, முகம் தெற்கே, வலக்கை மேற்கே. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வந்துகொண்டிருப்பதை உடம்பாலேயே சுட்டிக்காட்ட முடிகிறது. இது எனக்கு இன்றும் வியப்புதான். அதே நேரத்தில் உதடு வறளும், மூக்கு எரியும். ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே போகும் நாட்கள் இவை.

பகல் முழுவதும் செய்யவேண்டியது, வருவதைத் துரத்துவது. வானிலைத் துறையின் நிலையங்கள் அரை மணிக்கொருமுறை காற்றின் திசையையும் வேகத்தையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. மேற்கிலிருந்து கிழக்காகப் போர்ட்லண்ட், வார்னம்பூல், கேப் ஆட்வே, ஜீலாங் என்று ஊர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்லண்டில் வடக்கு என்று இருந்த திசை தென்மேற்கு என்று மாறி, 38 இருந்த இடத்தில் 21 என்று விழுந்தால் அங்கே அது கடந்துவிட்டது. அடுத்து வார்னம்பூல். அங்கிருந்து சில மணி நேரத்தில் ஜீலாங். ஜீலாங்கில் விழுந்துவிட்டால் எழுந்து செருப்பைப் போடுங்கள். 75 கிலோமீட்டர்தான் மிச்சம்.

நிற்பதற்குச் சிறந்த இடம் போர்ட் பிலிப் விரிகுடாவின் கரை. நான் போவது செயின்ட் கில்டாவுக்கு. வடகாற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். மணல் மட்டும் கணுக்காலில் குத்திக்கொண்டு கடலுக்கு ஓடும். திடீரென்று ஒரு நிமிடம் காற்றே இருக்காது. அப்போது தென்மேற்கே பாருங்கள். தண்ணீரின்மேல் கருநீலக் கோடு ஒன்று தெரியும். அதற்கு இந்தப் பக்கம் நீர் பளபளக்கும், அந்தப் பக்கம் வெள்ளை நுரைத் தலைகள். கோடு வந்துகொண்டே இருக்கும். படகுக்காரர்கள் பாயைச் சுருக்குவார்கள். பட்டம் இழுக்கப் பலகையில் சறுக்கும் இளைஞர்கள் நூலைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோடு கரையைத் தொடும் நொடியில் கடற்கரைக் கொடிகள் எல்லாம் ஒரே வீச்சில் எதிர்ப்பக்கம் திரும்பும். முகத்தில் முதலில் படுவது உப்பு வாசனை. குளிர் அதற்கு அடுத்து. கரையில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

குளிர்ந்த காற்று கனமானது. அது சூடான காற்றுக்கு அடியில் ஆப்பு இறங்குவதுபோல் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. ஆப்பின் முனை மிக மெல்லியது: முனையிலிருந்து 100 கிலோமீட்டர் பின்னால் போனாலும் குளிர்ந்த காற்றின் உயரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். இந்த வடிவம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1983 பிப்ரவரி 8 அன்று மட்டும் மெல்பர்ன் அதைக் கண்ணால் பார்த்தது. கடும் வறட்சி ஆண்டு. அன்று வெயில் 43.2 டிகிரி. முகப்பு வரும் வழியில் மாலீ பகுதியின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு எழுந்த செம்பழுப்புச் சுவர் பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் நகரத்தை மூடியது. ஒரு மணி நேரத்துக்குள் கடந்தும் போய்விட்டது.

பொய்ச் சேஞ்ச் என்றும் ஒன்று உண்டு. தேர்ந்த ரசிகருக்கு அதைக் கண்டுபிடிப்பதே தனி மகிழ்ச்சி. வடகாற்று பலவீனமாக இருக்கும் நாளில் விரிகுடாக் காற்று மதியமே கரையோரம் புகுந்து ஐந்தாறு டிகிரி குறைத்துவிடும். மே மாதச் சென்னையில் கடற்காற்று ஏறுவதை அறிந்தவருக்கு இது தெரிந்த சங்கதிதான். வடக்குப் புறநகர்களின் வெப்பத்தைப் பாருங்கள். அங்கே இன்னும் 39 என்றால் முகப்பு வரவில்லை. காற்றழுத்தமும் சாட்சி சொல்லும்: உண்மையான முகப்புக்கு முன்னால் இறங்கிக்கொண்டே வந்த அழுத்தம், அது கடந்ததும் நிமிர்ந்து ஏறும்.

இந்த ரசனைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, அதை நான் அழுத்தியே சொல்வேன். கரையில் நமக்குச் சுகம் தரும் அதே திருப்பம் காட்டுத்தீக்கு மிகக் கொடிய கணம். வடமேற்குக் காற்றில் தீ தென்கிழக்கு நோக்கி நீண்ட நாக்காக ஓடுகிறது. காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் அந்த நாக்கின் நீளமான வடகிழக்குப் பக்கம் முழுவதுமே தீயின் முகமாகி வேறு திசையில் பாய்கிறது. மண் சுவர் வந்த எட்டாம் நாள், 1983 பிப்ரவரி 16, ஆஷ் வெட்னஸ்டே தீயில் உயிரிழப்பு பெரும்பாலும் காற்று திரும்பிய பிறகுதான் நேர்ந்தது. 2009 பிப்ரவரி 7, பிளாக் சாட்டர்டே அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி, அன்றைய தீயில் மாண்டவர்கள் 173 பேர். எனவே இந்த நாட்களில் மலைப்பக்கம், காட்டுப்பக்கம் வேடிக்கை பார்க்கப் போகவே கூடாது. தீ அபாயத் தரம் நான்கு படிகள். மேல் இரண்டில் எது அறிவிக்கப்பட்டாலும் நகரத்தையோ கரையையோ விட்டு நகராதீர்கள். யூகலிப்டஸ் மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள். பலத்த காற்றில் கிளை முறிந்து விழும்.

வசந்தத்தின் கடைசியில் இன்னோர் எச்சரிக்கை: மூச்சிரைப்பு உள்ளவர்கள், மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள், இடியுடன் சேஞ்ச் வரும் நாளில் உள்ளேயே இருங்கள். 2016 நவம்பர் 21 மாலை, புல் மகரந்தத்தைச் சுமந்த காற்று நகரில் புகுந்து ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. பத்துப் பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று மரங்கள் திரும்புவதைப் பார்ப்பதே போதும்.

மற்ற நாட்களில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஜன்னல்கள். தெற்குப் பக்கம் எல்லாவற்றையும் திறந்து, வடக்குப் பக்கம் ஒன்றைத் திறந்தால் பகலெல்லாம் சுவரில் சேர்ந்த சூடு இரவுக்குள் வெளியேறும். கதவுகளுக்கு முட்டு வையுங்கள்; இல்லையென்றால் அறைந்துகொள்ளும். தெருவெங்கும் ஜன்னல்கள் இழுபடும் சத்தம் கேட்கும்.

தமிழ்நாட்டில் இருந்தபடியும் இதைப் பார்க்க வழி உண்டு. டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் தொடங்கும் டெஸ்ட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் நம்மில் நிறைய. வெயில் கடுமையாக இருக்கும் நாளில் பந்தோடு சேர்த்து மைதானத்தின் கூரைமேல் பறக்கும் கொடிகளையும் கவனியுங்கள். பார்வையாளர் வரிசையில் விசிறிகள் நின்று, பைகளிலிருந்து ஸ்வெட்டர்கள் வெளியே வரும். வர்ணனையாளர்கள் காற்று மாறிவிட்டது என்று சொல்வார்கள். அதற்கு ஓரிரு ஓவர் முன்பே கொடிகளைப் பார்த்து நீங்கள் சொல்லிவிடலாம்.