குருதிக் கொள்கை

தம் மதத்திற்கு விடுதலை வேண்டுவோர் உலகிற் பலர். தாம் பிழையென்று கருதும் மதத்திற்கும் விடுதலை வேண்டுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவரான ராஜர் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1644-ஆம் ஆண்டில் லண்டனில் வெளியிட்ட நூலொன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மனச்சாட்சியின் பொருட்டு மாந்தரைத் துன்புறுத்துவது குருதி தோய்ந்த கொள்கை என்பதே அந்நூற் பெயரின் கருத்து.

இங்கிலாந்தில் அரசாங்கத் திருச்சபையின் கொடுமைக்கு ஆற்றாது கடல் கடந்த பியூரிட்டன்கள் 1630-இல் பாஸ்டன் நகரை நிறுவினர். விடுதலை நாடிச் சென்ற அவர்கள் அங்கு என் செய்தனர்? தம் சபையினர்க்கே வாக்குரிமை என்று விதித்தனர். மாறுபட்டோரை நாடு கடத்தினர். 1631-இல் அங்குச் சென்ற வில்லியம்ஸ், ஆன்மாவின்மீது அதிகாரியின் வாளுக்கு உரிமையில்லை என்றார். பழங்குடிகளின் நிலத்தை ஆங்கில மன்னர் தானம் செய்தல் செல்லாது என்றும் கூறினார். 1635-இல் அவரை வெளியேற்றத் தீர்ப்பாயிற்று. கடும் பனிக்காலத்திற் புறப்பட்டு, நாரகான்செட் பழங்குடித் தலைவர்பால் நிலம் பெற்று, 1636-இல் பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவினார்.

நூல், மெய்ம்மையும் அமைதியும் தம்முள் உரையாடுவதாக அமைந்தது. பாஸ்டன் போதகர் ஜான் காட்டனின் வாதங்களை ஒவ்வொன்றாய் எடுத்து மறுக்கின்றது. கோதுமையும் களையும் அறுவடைவரை சேர்ந்து வளரட்டும் என்ற ஏசுநாதரின் உவமையே இதன் அடித்தளம். வயல் என்றது உலகத்தை. ஆதலின் களையெனக் கருதப்படுவோரைப் பிடுங்க மனிதர்க்கு உரிமையில்லை என்கின்றார். யூதர், துருக்கர், வேறு தெய்வம் தொழுவோர் யாவர்க்கும் இவ்வுரிமை உண்டென்று துணிகின்றார். மதப்பற்று மிக்க ஒருவர் அம்மதத்தின் வேதங்கொண்டே இதை நாட்டியது நூலின் பெருஞ்சிறப்பென்போம்.

குறைகளும் உள. கூறியது கூறல் மிகுதி; மேற்கோட் பெருக்கத்தில் வாதம் மறைகின்றது. உரையாடும் இருவரும் ஒரே கருத்தினர் ஆதலின், உரையாடலிற் போர் இல்லை.

பார்லிமெண்டு அவ்வாண்டிலேயே நூலை எரிக்கக் கட்டளையிட்டது. காட்டன் 1647-இல் மறுப்பெழுதினார். வில்லியம்ஸ் 1652-இல் அதனையும் மறுத்தார். ஏட்டுப் போர் இவ்வாறாக, 1660-இல் குவேக்கர் மதத்தினளான மேரி டயர் என்னும் மாது பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டாள். குவேக்கர் கொள்கையை வில்லியம்ஸும் வெறுத்தவரே. 1672-இல் அவர்களோடு கடுவாதம் புரிந்தார். ஆயினும் அவர்களை ஒறுக்க அதிகாரியை அழைத்தாரல்லர். அவர் சொல் வெறுஞ்சொல்லன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் ஒரு களங்கத்தை மறைத்தல் விமரிசகர்க்கு அறமாகாது. 1676-ஆம் ஆண்டுப் போர்முடிவில், சிறைப்பட்ட பழங்குடியினரை அடிமைப் பணிக்கு விற்ற குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். ஆன்மாவின் விடுதலையை அத்துணைத் தெளிவாகக் கண்ட கண், உடலின் விடுதலையைக் காணாதொழிந்தது.

மாசச்சூசெட்ஸ் சட்டசபை அவரை வெளியேற்றிய தீர்ப்பை 1936-இல் நீக்கிற்று. முந்நூறாண்டு கடந்து வந்த அந்நீதியால் அவருக்கென்ன பயன்? நூலாற் பயனடைய வேண்டியோர் நாமே. விடுதலை என்று முழங்கும் எக்கூட்டத்தாரையும், தம்மொடு மாறுபட்டோர்க்கு அவர் அளிப்பது யாதென்று வினவி அளத்தல் வேண்டும். அவ்வளவுகோலை நமக்கு வகுத்தளித்தமையால், குறை பலவிருந்தும் இந்நூல் கற்கத்தக்கதென்பது நம் துணிபு.