கட்சிக்காரர்

2011 மே மாதம் டெல்லி சி.பி.ஐ. கோர்ட்டில் கனிமொழிக்கு ஜாமீன் கேட்டு வாதாடினார் ராம் ஜெத்மலானி. 2014 அக்டோபரில் பெங்களூரு ஹைகோர்ட்டில் ஜெயலலிதாவுக்கு ஜாமீன் கேட்டு வாதாடியதும் அவரேதான். இரண்டு இடத்திலும் ஜாமீன் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

‘என்னய்யா இது, இந்த மனுஷனுக்குக் கொள்கையே கிடையாதா?’ என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது. யாருக்காகவும் ஆஜராவது வக்கீலின் தர்மம். இந்திரா கொலை வழக்கில் பலரும் தயங்கியபோது தைரியமாகப் போய் நின்றவர் அவர். அதனால்தான் 1988ல் பல்பீர் சிங் என்கிற மனிதர் தூக்கிலிருந்து தப்பி விடுதலையானார். வக்கீல் ஜெத்மலானிக்கு என் சல்யூட்.

தகராறு எம்.பி. ஜெத்மலானியிடம்தான்.

தமிழில் வக்கீலைத் தேடி வருபவரும் கட்சிக்காரர், கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். ஜெத்மலானிக்கு இந்த இரண்டும் கடைசிவரை குழம்பியே இருந்தது. ஆரம்பம் என்னவோ அமர்க்களம். எமர்ஜென்சியை எதிர்த்து, வாரண்ட் வந்ததும் வெளிநாடு போய், 1977ல் பம்பாயில் சட்ட மந்திரி கோகலேயையே தோற்கடித்தார். அப்புறம்? வாஜ்பாய் அரசில் மந்திரி. 2004ல் லக்னோவில் அதே வாஜ்பாயை எதிர்த்துப் போட்டி. 2010ல் மறுபடி பி.ஜே.பி. எம்.பி. 2013ல் அங்கிருந்து நீக்கம். 2016ல் லாலு கட்சி எம்.பி.

கட்சி மாறியதுகூடப் பெரிதில்லை. இழப்பு வேறு இடத்தில். 1998ல் நகர்ப்புற மந்திரியாக இருந்தபோது, தன் இலாகா ஃபைல்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார். அற்புதமான காரியம். அவருடைய அரசாங்கமே அதைத் தடுத்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டம் வர 2005 ஆயிற்று. கோர்ட்டாக இருந்தால் இவர் சும்மா விட்டிருப்பாரா? அப்பீல், மேல் அப்பீல் என்று போயிருப்பார். அரசியலில் அப்பீல் என்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, பொறுமையாகப் பேசி, அதே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டு வருவது. அந்தப் பொறுமை அவருக்கு இல்லை. 2000ல் தலைமை நீதிபதியோடும் அட்டர்னி ஜெனரலோடும் மோதி, சட்ட மந்திரி பதவியையும் விட்டார்.

கறுப்புப் பணத்துக்கு விசாரணைக் குழு வேண்டும் என்று 2011ல் ஜெயித்தாரே, அதுவும் சுப்ரீம் கோர்ட்டில்தான். அப்போது அவர் எம்.பி.!

2019 செப்டம்பரில், 95 வயதில் இறந்தார். இனி ஒரு பெரிய வக்கீல் ஓட்டுக் கேட்டு வந்தால், எத்தனை கேஸ் ஜெயித்தீர்கள் என்று கேட்காதீர்கள். தோற்றுப்போன ஒரு நல்ல யோசனைக்காக எத்தனை வருஷம் சபையில் மல்லுக்கட்டுவீர்கள் என்று கேளுங்கள்.