கப்பலேறியவனுக்கு ஒரு வரி

கடலோடித் தமிழன் என்றதும் நமக்கு ராஜேந்திர சோழன்தான். கடாரம், புலிக்கொடி, கப்பற்படை. அந்தக் கப்பலில் துடுப்புப் போட்டவன் பேரென்ன என்று கேட்டால் பதில் கிடையாது. மெய்க்கீர்த்தி அவனுக்காக எழுதப்பட்டதில்லை. சோழர்களை விடுவோம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திக் கடல் கடந்தவனாவது ஏதாவது ஒரு தாளில் இருக்கிறானா? இருக்கிறான். எந்தத் தாளில், யாருடைய தேவைக்காக, என்னவாக என்பதுதான் கேள்வி.

அடி அண்ணாமலையில் ஒருவர், கப்பலேறிப் போன தன் முப்பாட்டனைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கப்பலேறுவதில் ரெண்டு வகை உண்டு. கப்பலில் வேலைக்குப் போவது ஒன்று. கப்பலில் ஏற்றி அனுப்பப்படுவது இன்னொன்று.

முதல் வகையினருக்கு லஸ்கர் என்று பேர். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல், ஐரோப்பியக் கப்பல்களில் குறைந்த கூலி வாங்கிய ஆசிய மாலுமிக்குப் பேராயிற்று. நம் பொதுப்பணித் துறையில் மதகு திறக்கிற கடைநிலை ஊழியருக்கும் அதே பேர்தான். கடலை விட்டுக் கரையேறியும் அந்தச் சொல் கீழ்த்தட்டிலேயே நிற்கிறது. கப்பல் லஸ்கர்களுக்காக லண்டன் லைம்ஹவுஸில் 1857இல் ஒரு விடுதி திறந்தார்கள்: ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினருக்கான 'அந்நியர் இல்லம்'. அனாதரவாக நின்ற மாலுமியைத் தங்கவைத்து, ஊர் திரும்பும் கப்பலில் ஏற்றிவிடுவது அதன் வேலை. இதில் கருணையும் உண்டு, அப்புறப்படுத்தலும் உண்டு. பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கு, ஒரு குறிப்பிட்ட இரவில் யார் எந்தக் கூரையின் கீழ் இருந்தார் என்பதைப் பதிவு செய்வது. ஆகவே அன்றிரவு அந்த விடுதியில் படுத்திருந்தவனுக்கும் ஒரு வரி கிடைத்தது: பெயர், வயது, தொழில், பிறந்த இடம். வெளிநாட்டுக்காரன் என்றால் பிறந்த நாட்டைச் சொன்னால் போதும். ஊர் தேவையில்லை.

அந்த லண்டன் ஏடுகள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. இங்கே? பிரிட்டிஷ் இந்தியா முழுக்க ஒரே சமயத்தில் எடுத்த முதல் கணக்கு 1881இல். வீடு வீடாக எழுதிய தாள்களை யாரும் பாதுகாக்கவில்லை. மிஞ்சியது சாதி, மதம், தொழில் அட்டவணைகள். அங்கே ஊரில்லாத பெயர். சொந்த மண்ணிலோ பெயரே இல்லை, சாதிக்குள் ஓர் எண்.

ரெண்டாவது வகை, ஒப்பந்தக் கூலிகள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16இல் நேட்டாலை அடைந்தது. 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஆற்காட்டு ஜில்லாக்காரர்கள் அதில் கணிசம். அந்தக் கப்பல் பட்டியல்களைப் பாருங்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருக்கும் தழும்பு. ஒரு ஏழைக் குடியானவனைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு விவரமாக எழுதியதில்லை. என்னத்துக்கு இவ்வளவு? அவன் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டவன். ஓடிப்போனால் அடையாளம் வேண்டும். அதிகாரத்தோடு மோதும் கணத்தில் மட்டும் வெளிச்சம் விழுகிற அற்ப வாழ்க்கைகளைப் பற்றி ஃபூக்கோ 1977இல் எழுதினார். நம்மாள் மோதக்கூட வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்றாலே போதும்.

இந்தப் பிரதியை வாசிப்பது லேசில்லை. திருவண்ணாமலை 19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காடு ஜில்லா, பிறகு வடஆற்காடு, 1989 முதல் தனி மாவட்டம். ஜில்லா தப்பினால் ஆளும் தப்பிப்போவான். ஊர்ப்பேரும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் 'அடி'யும் 'ஆதி'யும் ஒன்றுபோலவே விழும். மலையடியில் கிடக்கும் ஊர் என்பது, குமாஸ்தாவின் ஒரு பேனாக் கீறலில் ஆதியும் மூலமுமான புனிதமாக வாசிக்கப்படலாம். அடியில் இருப்பதை ஆதியாக்கிப் பெருமை கொள்வது நமக்கும் பழக்கமானதுதானே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சாதிக் கட்டம். துறைமுகத்தில் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு என்று புலம்பெயர்வு ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சேரியிலிருந்து போனவன் வேறொரு சாதியைச் சொல்லிக் கப்பலேறியிருக்கலாம். குமாஸ்தாவுக்கு அது தகவல் பிழை. வம்சாவளி தேடுகிறவருக்கு அது இடைஞ்சல். எனக்கோ, அந்த முழு வரியிலும் அவன் தானாக எழுதிய ஒரே சொல் அதுதான். மற்றதெல்லாம் அவன்மீது எழுதப்பட்டவை. தழும்புகூட.

தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் கையில் ஒரு நகலோடு கிராமத்தையும் குலதெய்வத்தையும் தேடி வருகிறார்கள். அவர்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் வந்து நிற்கிறவரிடம் நம் ஊர் கேட்கிற முதல் கேள்வி, 'நீங்க என்ன ஆளுங்க?' பாட்டன் கடல் கடந்து தொலைத்துவிட்டு வந்ததை, பேரன் கையில் திரும்பக் கொடுக்கிற கேள்வி இது. ஆவணத்தை அந்தக் கேள்விக்குப் பதிலாக வாசிப்பதா, அவன் ஏன் மாற்றிச் சொன்னான் என்று வாசிப்பதா? வேர் தேடுகிறவர்களும், தேடிக் கொடுக்கிற நாமும் முதலில் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.