சந்திரம்மாளை எந்தப் பக்கத்தில் வரைவது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் குழந்தைகளுக்குச் சொல்வதற்கென்று நம்மிடம் ஒரு வார்ப்பு இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்தார், நன்றாகப் படித்தார், மருத்துவரானார், சட்டமன்றத்துக்குப் போனார், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். பக்கத்துக்குப் பக்கம் ‘முதல் பெண்’ என்ற பட்டம். அட்டையில் ஸ்டெதஸ்கோப். வாசித்து முடிக்கிற சிறுமிக்கு ஓர் அறிவுரை கிடைக்கிறது: நன்றாகப் படி, நீயும் முதலாவதாக வருவாய். வரலாறு கிடைப்பதில்லை.

முதலில் ‘முதல்’ என்ற சொல்லையே பார்ப்போம். முத்துலட்சுமி பிறந்தது 1886இல். அதே ஆண்டில் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875லேயே மேரி ஷார்லிப் முதலிய பெண்கள் சேர்ந்திருந்தார்கள். 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமியின் பெருமை இதனால் குறைந்துவிடாது. ஆனால் அவரை ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்று எழுதும் அந்த ஒரு வரி, அவருக்கு முன்னால் அந்த வழியில் நடந்த பெண்களையெல்லாம் அழித்துவிடுகிறது. குழந்தைகளுக்கான நூல்தானே என்று தகவலில் காட்டும் அலட்சியம், பெண்களின் தொடர்ச்சியை அறுக்கிற வேலையைச் செய்கிறது.

இதைவிடப் பெரிய அழிப்பு வீட்டுக்குள் நடக்கிறது. முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். இது எல்லா நூலிலும் வரும். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இது வராது, வந்தால் ‘இசைக் குடும்பம்’ என்று வரும். “குழந்தைகளிடம் அதை எப்படிச் சொல்வது?” என்பார்கள். இந்தத் தயக்கம் குழந்தைகளின் பொருட்டு என்று நான் நம்பவில்லை. தாயை மறைத்துவிட்டால், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மகள் ஏன் அவ்வளவு போராடினார் என்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. இரக்கமுள்ள ஒரு டாக்டரம்மா யாரோ சில பெண்களுக்குச் செய்த உதவியாக அது சுருங்கிவிடுகிறது.

எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்ல முடியும். இப்படி எழுதலாம்: ‘அந்தக் காலத்தில் சில குடும்பங்களில் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே கோயிலில் வைத்துப் பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு அவள் மற்றப் பெண்களைப் போலக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.’ இதில் பொய் இல்லை. குழந்தையை அச்சுறுத்தும் சொல்லும் இல்லை. ‘அவளிடம் யாரும் கேட்கவில்லை’ என்ற அநியாயம் எந்தக் குழந்தைக்கும் உடனே புரியும்.

எழுத்தாளர் ஒரு சொல்லை விட்டுவிட்டு நழுவிவிடலாம். ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. சந்திரம்மாளை வரைந்தால் அவர் கழுத்தையும் வரைய வேண்டும். அதில் தாலி உண்டா? நாராயணசாமி ஐயர் அவரை மணந்துகொண்டார் என்று சொல்லும் நூல்களும் உண்டு. அந்த உறவை வேறுவிதமாகச் சொல்லும் நூல்களும் உண்டு. ஓவியர் யோசிக்காமல் இழுக்கும் ஒரு மஞ்சள் கோடு, ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். அவரை முதுகுப்புறமாகவோ, மகளின் தலையைப் பின்னிவிடுகிற கைகளாகவோ வரைவது ஒரு நேர்மையான வழி. படப் புத்தகத்தில் படமும் சாட்சி சொல்கிறது. அதனால் எழுதுபவரும் வரைபவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்தது வசனம். சட்டமன்றத்தில் சத்தியமூர்த்திக்கு முத்துலட்சுமி பதிலடி கொடுத்ததாக ஒரு காட்சி நம் மேடைகளில் மிகவும் பிரபலம். ஆளுக்கொரு வடிவத்தில் சொல்கிறார்கள். கைதட்டல் வாங்கும் அந்த வசனத்தைப் பேச்சுக் குமிழிக்குள் போட்டால் குழந்தை அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்ளும். அவருடைய உரைகள் அவைக் குறிப்புகளில் இருக்கின்றன. அவர் தன்வரலாறும் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதே நம்மிடம் இருக்கும்போது, சொல்லாததை ஏன் அவர் வாயில் திணிக்க வேண்டும்?

அந்தச் சண்டையை ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான வாய்ச்சண்டையாக்கினால் மற்ற பெண்கள் காணாமல் போகிறார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் வேறு பல தேவதாசிப் பெண்களும் சட்டத்தை எதிர்த்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும், தங்கள் எல்லோர்மீதும் ஒரே இழிபெயர் சுமத்தப்படும் என்று வாதிட்டார்கள். அந்த வழக்கத்தை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ஒழிக்கத்தான் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1936இல் அதை நாவலாகவும் எழுதினார். இரு தரப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரையலாம். ஒரே வீட்டில் அம்மாவும் பாட்டியும் எதிரெதிராகப் பேசுவதைத் தினமும் கேட்கிற குழந்தைக்கு இது புதிதல்ல. சட்டம் நிறைவேறியது 1947இல். இடையில் 1930இல் அவ்வை இல்லம் தொடங்கியது. இந்தக் காத்திருப்புக்கும் இரண்டு பக்கமாவது வேண்டும்.

நம் வகுப்பறைகளில் தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டியின் பெயரைச் சொல்லத் தயங்கும்படி வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ‘இசைக் குடும்பம்’ என்று நாம் மழுப்பும்போது, மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று தங்களிடம் இருக்கிறது என்று அவர்களுக்குக் கற்பிக்கிறோம். மறைக்க வேண்டியது அவர்களிடம் எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் பொட்டுக் கட்ட வைத்தவர்கள்.

ஆகவே என் பதில்: சந்திரம்மாளை முதல் பக்கத்தில் வரையுங்கள். பெயரையும் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில், இந்த நூலில் எது ஆவணத்திலிருந்து வந்தது, எது எங்கள் கற்பனை என்று குழந்தைக்குப் புரியும் எழுத்தில் நான்கு வரி சேருங்கள். ஸ்டெதஸ்கோப் நடுவில் எங்காவது வரட்டும்.