ஆமா போட ஓர் ஆள்

வாழ்க்கை ராஜா ராணிக் கதை போல இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அரண்மனை, குதிரை, பட்டுக் குஞ்சம் எதுவும் தேட வேண்டாம். 'ஆமா' போடுவதற்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது களக்காட்டுப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில். வில்லுப்பாட்டில் வில்லுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் புலவர், "அப்பேர்ப்பட்ட நாளையிலே ஒரு பொண்ணானவ..." என்று இழுத்து நிறுத்துவார். குடத்தோடு இருப்பவர் "ஆமா" என்பார். "தண்ணி கோர வந்தா." "ஆமா, வந்தா." "வந்தவ ஆத்தைப் பாத்தா." "பாத்தாளா?" ஒரு பெண் தண்ணீர் கோர வருவதில் என்ன இருக்கிறது? பச்சையாற்றங்கரையில் தினமும் நடக்கிற காரியம். ஆனால் இரண்டு ஆமாவுக்குப் பிறகு அவள் சும்மா வந்தவள் இல்லை. என்னவோ நடக்கப்போகிறது. பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கிழவிகள் கையை நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் ஆச்சியிடம் வில்லும் கிடையாது, குடமும் கிடையாது. ஆனால் சட்டம் அதேதான். "ஏல, 'ம்' கொட்டுல. நீ கொட்டலைன்னா ராசகுமாரன் காட்டுக்குள்ளயே நின்னுருவான்" என்பாள். அரைத் தூக்கத்தில் கிடக்கும் நான் பதறிக்கொண்டு 'ம்' கொட்டுவேன். ஒரு ராசகுமாரனின் பயணம் முழுக்க என் தொண்டையை நம்பி நிற்கிறது என்றால், ஆறு வயதில் அது சின்னப் பொறுப்பா?

இப்போதும் செய்து பாருங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர், "இன்னைக்கு நாங்குநேரி பஸ்ஸுக்கு நின்னேனா..." என்று தொடங்கும்போது, கேட்கிறவர் போனைக் கீழே வைத்துவிட்டு "ஆமா, நின்னீங்க" என்று சொல்லட்டும். சொல்கிறவர் குரல் அந்த இடத்திலேயே மாறும். கண்டக்டருக்கு மீசை முளைக்கும். எங்கிருந்தோ ஒரு மழை வந்து சேரும். அரைமணி நேரம் பஸ்ஸுக்கு நின்றது வனவாசம் ஆகிவிடும்.

வில்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வைரம் பாய்ந்த பனையிலோ மூங்கிலிலோ வளைத்த கதிர், முனைக்கு முனை இழுத்துக் கட்டிய நாண், வளைவு நெடுகத் தொங்கும் வெண்கல மணிகள். கதிரின் நடு வளைவு ஒரு மண்குடத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். புலவரின் இரண்டு கையிலும் வீசுகோல். கோல் நாணில் விழுந்ததும் மணிகள் அத்தனையும் ஒன்றாகச் சிலிர்க்கும். குடத்தின் வாயில் பத்தியால் அறைந்தால் அதன் வயிற்றிலிருந்து 'கும்' என்று ஒரு மூச்சு புறப்படும். கூடவே உடுக்கு, ஜால்ரா, கட்டை. அவ்வளவுதான் சாமான். வேட்டைக் கருவி ஒன்று, தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று. அம்பை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டையும் பாட வைத்திருக்கிறார்கள். பூசணிக்காய் ரதமானதைவிட எனக்கு இது பெரிய மாயமாகத் தெரிகிறது.

அதைவிடப் பெரிய மாயம் சாமக்கொடையில் நடக்கும். கதை உச்சிக்குப் போகப்போகப் புலவர் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டை எடுப்பார். வீசுகோல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விழும். பந்தல் காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த ஒரு மாமா மெல்ல நடுங்க ஆரம்பிப்பார். காலையில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்தான். தோளில் கறை இன்னும் போயிருக்காது. அவருக்கு மஞ்சணை பூசி, கையில் வல்லயம் கொடுத்ததும் அவர் சுடலைமாடன். கயிலாயத்தில் பார்வதி விளக்கின் சுடரை முந்தானையில் ஏந்திப் பெற்ற பிள்ளை, எங்கள் தெருவில் நின்று, "எம்மா, பயப்படாதே" என்று திருநீறு போடுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவரே கதைக்குள் இறங்கிவிடும் இந்த நொடிக்காகவே வில்லுப்பாட்டு உண்டானது என்று நான் நம்புகிறேன்.

நெல்லைப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து வேலை செய்தவர். 2021இல் பத்மஸ்ரீ வந்தது, அடுத்த வருடம் காலமானார். அவர் இல்லாவிட்டால் சென்னையில் பாதிப் பேருக்கு வில் என்றால் ராமர் மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கும். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டும் சபையைவிட, மணலில் குந்தியிருந்து நடுங்கும் சபையே வில்லுக்கு வாய்த்த சபை.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதைகளில் காடு உண்டு, கோட்டை உண்டு. பெரும்பாலும் எந்தக் காடு, எந்தக் கோட்டை என்று இருக்காது. நம் வில்லுக் கதைகள் அப்படி விடுவதில்லை. ஆளைச் சொன்னால் ஊரைச் சொல்லும், ஊரைச் சொன்னால் துறையைச் சொல்லும், எந்தப் பாறையில் வேட்டி காயப் போட்டான் என்பது வரைக்கும் சொல்லும். ஆகவே என் அடுத்த யோசனை: தூர தேசத்துக் காட்டைக் கனவு காணாதீர்கள். உங்கள் காட்டின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு அதில் கொடுப்பினை அதிகம். மேற்கே பார்த்தால் மலை. சிங்கவால் குரங்குக்காக 1976இல் களக்காடு சரணாலயம் ஆனது. 1988இல் முண்டந்துறையோடு சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. பிள்ளைகளிடம், "அந்த மலையில புலி இருக்கு" என்று சொன்னால் அது கதை விடுவது ஆகாது. பாதி உலகத்துக்குக் கதையில் மட்டும் கிடைப்பது எங்களுக்கு மொட்டைமாடியிலிருந்து தெரிகிறது.

அந்தக் காட்டின் கதைதான் முத்துப்பட்டன் கதை. பிராமண வீட்டுப் பிள்ளை. அண்ணன்மாரோடு ஊர் திரும்பும் வழியில் காட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டு நிற்கிறான். பாடியவர்கள் பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்கள். மாடு காத்து, செருப்புத் தைத்துப் பிழைக்கும் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். கட்டினால் இவர்களைத்தான் கட்டுவேன் என்கிறான். வெளிநாட்டுக் கதையில் ராஜா மாப்பிள்ளையிடம் கண்ணாடி மலை ஏறச் சொல்வார், டிராகனைக் கொல்லச் சொல்வார். வாலப்பகடை கேட்டதோ இதுதான்: குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைக்கப் பழகு. டிராகனைக் கொல்வது இதைவிட எளிது. பட்டன் மூன்றையும் செய்தான். தைத்த செருப்பை மாமனார் கையில் கொடுத்துப் பெண்களைக் கட்டினான்.

மற்றக் கதைகள் இங்கே சுபம் போட்டு எழுந்துவிடும். வில்லு எழுந்திருக்காது. மாமனாரின் மாடுகளைக் கள்ளர் ஓட்டிப்போன சேதி வருகிறது. பட்டன் போகிறான், சண்டையிட்டு மாட்டை மீட்கிறான், ரத்தம் கழுவ ஆற்றில் இறங்கிய இடத்தில் மறைந்திருந்த ஒருவன் கையால் சாகிறான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் இறங்குகிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். மணிகள் மட்டும் கொஞ்ச நேரம் தனியே ஒலிக்கும். புலவருக்கும் தேறிவர அவகாசம் வேண்டும் அல்லவா.

இந்தப் பாட்டைத் தேடிப் பதிப்பித்தவர் பக்கத்து நாங்குநேரிக்காரர், நா. வானமாமலை (1917–1980). பிற்காலத்தில் யாரோ இந்தக் கதையைத் திருத்தி, பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சேர்த்துவிட்டார்கள். வானமாமலை இந்த ஒட்டுவேலையைச் சுட்டிக்காட்டினார். எனக்கும் பழைய கதைதான் கதை. அந்தப் பெண்களை வேறு குலத்தில் பிறக்கவைத்தால், பட்டன் அறுத்த பூணூலுக்கும் தைத்த செருப்புக்கும் மதிப்பே இல்லாமல் போகிறது.

அந்தச் செருப்பு இன்னும் நடக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவன் இருக்கிறான். நேர்ந்துகொண்டவர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அடுத்த வருடம் வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும், ராத்திரி பட்டன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றியிருக்கிறான் என்பார்கள். அதே கோயிலில் ஒரு மரம், கட்டிய மணிகளைத் தன் பட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். மணிவிழுங்கி மரம் என்று பெயர். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் காட்டில் குடில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவார்கள். ராஜாவும் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனின் முருகதாஸ் தீர்த்தபதி, ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து எத்தனையோ வருடங்கள் ஆன பிறகும், 2020இல் மறையும்வரை, தலைப்பாகையும் ராஜ உடையுமாக அங்கே தரிசனம் தந்தார். நாடு போனாலும் வருடத்தில் ஒரு நாள் ராஜாவாக இருக்க அவருக்குத் தெரிந்திருந்தது, பார்க்க வந்தவர்களுக்கும் பிரஜையாக இருக்கத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு நாளுக்கு உங்கள் வீட்டிலும் தலைப்பாகை எடுத்து வையுங்கள். பிறந்தநாளோ, பத்தாம் வகுப்பு பாஸோ, முதல் தார் வெட்டோ, யாராவது ஒருவரை ராஜாவாக உட்காரவைத்து மற்றவர்கள் மனமாரக் கும்பிடுங்கள்.

இன்னொரு யோசனை கொஞ்சம் கடினமானது. பேய்க்குக் கொடுத்த வாக்காக இருந்தாலும் காப்பாற்றுங்கள். எங்கள் களக்காட்டுச் சிவனுக்கே சத்தியவாகீசர் என்றுதான் பெயர். ஒன்பது நிலைக் கோபுரத்தின் கீழ் நின்று பொய் சொல்ல எனக்கு இன்றும் நாக்கு வராது. ஆனால் இந்தப் பாடத்தை நாடகமாகவே பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துத் திருக்குறுங்குடிக்குப் போக வேண்டும். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் நம்பிப் பெருமாள் கோயிலில் கைசிக நாடகம் நடக்கும். பாணர் குலத்து நம்பாடுவான் நம்பியைப் பாடப் போகிறான். வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். 'பாடிவிட்டு வருகிறேன், அப்புறம் தின்னு' என்று நம்பாடுவான் சத்தியம் வைக்கிறான், ஒன்றல்ல, பதினெட்டு. கோயில் வாசலில் கொடிமரம் மறைக்கிறது. நம்பி அதை விலகச் சொல்கிறார். இன்றைக்கும் அது நேராக இல்லாமல் ஒதுங்கித்தான் நிற்கிறது. போய்ப் பாருங்கள். பாடி முடித்துத் திரும்பும்போது நம்பியே கிழவராக வந்து, உயிருக்கு ஆபத்தென்றால் பொய் சொல்லலாமே என்கிறார். நம்பாடுவான் கேட்கவில்லை. ராட்சசன் முன்னால் போய் நிற்கிறான். இப்போது பசியெல்லாம் போய், உன் பாட்டின் பலனைக் கொடு என்று ராட்சசன் கெஞ்சுகிறான்.

நலிந்து கிடந்த இந்த நாடகத்துக்குப் பேராசிரியர் சே. இராமானுஜமும் அனிதா ரத்னமும் 1990களின் கடைசியில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது, விடிகாலைக் குளிரில் போர்வைக்குள் குடும்பமாக உட்கார்ந்து, நம்பாடுவான் திரும்பி வருவானா என்று பாதையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியும். வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வரும்போது ஓர் ஆனந்தம். மலையடிவாரத் தலையணை அணைக்கட்டில் குளித்துவிட்டு அஞ்சு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னவர் அஞ்சு மணிக்கு வாசலில் நின்றாலும் எனக்கு அதே ஆனந்தம்தான்.

கொடையில் கதை முடிய விடிந்துவிடும். குடத்துக்காரர் தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்வார். கடைசியாக வாழி. சாமியை வாழ்த்தி, ஊரை வாழ்த்தி, குளத்தை, வயலை, வாழைத் தோட்டத்தை, மாடு கன்றை, வரி கொடுத்தவர்களை, பந்தல் போட்டவரை, மைக்செட்டுக்காரரை, விழித்திருந்தவர்களை, தூங்கிப்போன பிள்ளைகளை, ஒருவரையும் விடாமல் புலவர் பாடிக்கொண்டே போவார். ராத்திரி முழுக்க நாங்கள் கேட்ட கதையின் கடைசிப் பக்கத்தில் நாங்களே இருப்போம். நான் ஆச்சியின் மடியில் பாதிக் கண்ணோடு கிடப்பேன். எங்கள் தெருவின் பேர் வரும். எனக்கு மேலே, வெற்றிலை வாசனையோடு, தூக்கம் கலையாத குரலில் ஆச்சி சொல்வாள்:

"ஆமா."