யாருக்குப் பாதுகாப்பு?

திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறிப்போய்க் கணினி அறிவியல் படிக்கிற பிள்ளைக்கு 'சைபர் பாதுகாப்பு' ஒரு படிமமாகத்தான் வந்து சேர்கிறது: உள்ளே நிறுவனம், வெளியே திருடன். மறையாக்கம், ஃபயர்வால், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எல்லாமே இந்தக் கதையாடலுக்குள்தான். நிறுவனமே மறைத்தால்? அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது.

கூடங்குளத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு இணைக்கப்படாதது, அதைத் தாக்கவே முடியாது என்று 2019 அக்டோபர் 29இல் அணுமின் நிலையம் அறிவித்தது. மறுநாளே தன் கணினியொன்றில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான கணினிதானாம். சரி, இருக்கட்டும், தொழில்நுட்பரீதியாக இரண்டு அறிக்கைகளும் முரண்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனா செர்ட்-இன் தகவல் சொன்னது செப்டம்பர் 4இல். இடையில் எட்டு வாரம். இடிந்தகரைக்காரங்களுக்கு யார் சொன்னா? 2011-12இல் கேள்வி கேட்டதற்கே ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு.

ஆதார் விவரம் 500 ரூபாய்க்கு விலைபோவதை 2018 ஜனவரியில் டிரிப்யூன் நாளேடு எழுதியபோது, ஆதார் ஆணையத்தின் புகாரில் செய்தியாளர் பெயரும் சேர்ந்தது. ஓட்டையைக் காட்டினவரும் ஓட்டை போட்டவரும் ஒரே கூண்டில். மேற்படி சட்டத்தின் 43ஆம் பிரிவு உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியை மையமாக்குகிறது. ரேஷன் கடையில் விரலை வைத்த கிழவி இதில் யார்? உரிமையாளரா, வெறும் தரவா?

அந்த இரண்டு கூடங்குள அறிக்கைகளையும் அருகருகே வைத்து வாசிக்க ஒரு வகுப்பு நேரம் போதும்.